குதிரில் பிரிந்த கொசுத்தேனீ

கொசுத்தேனீ கொட்டாது. அதற்குக் கொடுக்கு கிடையாது. கோபம் வந்தால் தலைமுடிக்குள் புகுந்து பிறாண்டும், காதைக் கடிக்கும். அதன் சண்டை அம்புட்டுத்தான் என்று முப்பத்தைந்து வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் திண்டுக்கல்லுக்கும் சாணார்பட்டிக்கும் நடுவில். தக்காளி, கத்தரி, ஓரத்தில் கொஞ்சம் செவ்வந்தி. கிணறு இருந்தால் வெள்ளாமை. கிணறு வற்றினால் ஒன்றுமில்லை. வாசலை ஒட்டிய தாழ்வாரத்தில் கம்பு கொட்டிவைக்கும் குதிர் ஒன்று நின்றது. ஐந்து மண் உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்கில் மண் பூசியது. மழை பொய்த்துக் குதிர் காலியான வருஷம் அதில் கொசுத்தேனீ குடிவந்தது. நடு உறையில் ஒரு விரிசல். அதிலிருந்து கறுப்பு மெழுகில் ஒரு குழல் வைத்தது. சுண்டுவிரல் நீளம் இருக்கும். குழல் வாயில் எந்நேரமும் நாலைந்து பூச்சி உட்கார்ந்திருக்கும். கல்லையும் மண்ணையும் பார்த்தபடி காவல். நாங்கள் தொந்தரவு செய்யவில்லை. குழந்தைகளுக்கு வாயில் புண் வந்தால் ஒரு விரல் தேன் எடுத்துக்கொள்வோம்.

நானும் என் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தோம். அவனுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. எனக்குக் குழந்தை இல்லை. கிணறு வற்றிய இரண்டாம் வருஷம் தம்பி டவுனில் தோல் ஷாப்புக்கு வேலைக்குப் போனான். சுண்ணாம்புக் குழியில் தோலை ஊறவைப்பது, எடுப்பது, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் போட்டு மிதிப்பது. வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவான். அவன் தெருமுனையில் திரும்பும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும். சுண்ணாம்பு, பட்டை, பச்சைத் தோல், எல்லாம் கலந்த வாடை. குளித்தாலும் போகாது. சீயக்காய் தேய்த்துக் குளிப்பான், புளி தேய்த்துக் குளிப்பான். வேட்டியை மாற்றுவான். போகாது.

என் பெண்டாட்டி வாயால் ஒன்றும் சொல்லவில்லை. அவன் தட்டை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தாள். நான் அதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி சாப்பிட்டேன்.

அந்தப் பொங்கலுக்கு அவளுடைய அண்ணன் குடும்பம் வந்தது. எங்களைவிட வசதியானவர்கள். தம்பி அன்று காலைதான் டவுனிலிருந்து வந்தான். நான் வாசலில் மறித்து நின்றேன்.

"ஏலே, செத்த நேரம் தொழுவத்துப் பக்கம் இரு. அவுக சாப்பிட்டுப் போகட்டும்."

"ஏன், எனக்கு என்ன அம்மையா போட்டிருக்கு?"

"வாடை வருதுடா."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே தொழுவத்துக்குப் போனான். மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டான். விருந்தாளிகள் போனதும் வந்து தட்டைக் கழுவி வைத்தான்.

"அண்ணே, பாகத்தப் பிரிச்சிரு."

"இப்ப என்ன அவசரம்?"

"வீட்ட நீயே வச்சுக்க. எனக்கு அங்க உக்கார எடம் இல்ல. மேட்டு நெலம் எனக்கு. சாமான்ல பாதி."

பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரை வைத்துப் பிரித்தோம். எங்கள் பக்கம் பாகப்பிரிவினை என்றால் அகப்பையைக்கூட விடமாட்டார்கள். அம்மி எனக்கு, உரல் அவனுக்கு. பெரிய அண்டா எனக்கு, இரண்டு குடம் அவனுக்கு. கடைசியில் குதிர். ஐந்து உறை. மேல் இரண்டு அவனுக்கு, கீழ் இரண்டு எனக்கு. நடு உறை மிச்சம்.

"அது கெடக்கட்டும். நீயே வச்சுக்க" என்றான்.

"உன் தயவுல எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

கடப்பாரையை எடுத்து நடு உறையை நானே இடித்தேன். உள்ளே பூச்சி இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் இடித்தேன். உறை இரண்டாகப் பிளந்தது. கூடும் இரண்டாகப் பிளந்தது. கம்பு மணி கொத்துக்கொத்தாக ஒட்டிய மாதிரி முட்டை அறைகள். சுற்றிலும் சின்னச் சின்ன மெழுகுக் குமிழிகளில் தேன். அது மண்ணில் வழிந்தது. பூச்சிகள் எங்கள் இரண்டு பேர் தலையிலும் ஏறின.

"இதையும் பாகம் போட்டுக்குவோம்ணே" என்றான். பாகம் பிரிக்க வந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. ஒரு பானையில் பாதிக் கூட்டை அள்ளிப் போட்டு, தட்டு வைத்து மண் பூசி, ஓரத்தில் ஒரு துளை விட்டான். மீதியை நான் கீழ் உறைக்குள் வைத்து, ஒரு துளை விட்டு மூடினேன்.

அவன் பெண்டாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அவன் பானையைத் தூக்கிக்கொண்டான். போய்விட்டார்கள். உரலை அவன் எடுத்துப்போகவில்லை. அது எங்கள் வாசலிலேயே கிடந்தது. நாங்களும் அதை உபயோகிக்கவில்லை.

மூன்று வருஷம் ஓடியது. வழியில் பார்த்தால் பேசுவோம். மழை உண்டா, மாடு சுகமா, அம்புட்டுத்தான். டவுனில் நாகல் நகர்ப் பக்கம் ஒரு சந்தில் குடியிருக்கிறான் என்று தெரியும். போனதில்லை.

பிறகு அவன் கை கெட்டுப்போனது என்று கேள்விப்பட்டேன். சந்தைக்குத் தக்காளி ஏற்றிப் போன அன்று தேடிப் போனேன். ஒற்றை அறை. வெளியே இறவாரத்தில் உறி கட்டி அந்தப் பானையைத் தொங்கவிட்டிருந்தான். துளையில் குழல் வளர்ந்திருந்தது. எங்கள் வீட்டுக் குழலைவிடக் கறுப்பு. தொட்டால் ஒட்டியது. வாயில் காவல் பூச்சிகள் உட்கார்ந்திருந்தன.

தம்பி பாயில் இருந்தான். சுண்ணாம்பு அவன் விரல்களைத் தின்றிருந்தது. நகக்கண் எல்லாம் ஓட்டை. விரல் மடங்கவில்லை. அவன் பெண்டாட்டி என் முன்னால் வரமாட்டாள், என்னோடு நேராகப் பேசவும் மாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று குழந்தையிடம் சொன்னாள்.

"பெரியப்பாகிட்ட சொல்லு. உங்கப்பா சோத்தப் பெசஞ்சு சாப்புட முடியல. கூட வேலை பாக்குற பாய்தான் மதியத்துல ஊட்டிவிடுறாராம். ஒரே சட்டியில சாப்புடுறாகளாம்."

ஐந்து வயதுக் குழந்தை. "பெரியப்பா, பாய் ஊட்டிவிடுறாரு" என்று அதை மட்டும் சொன்னது.

"ஊருக்கு வந்திருங்க" என்றேன்.

தம்பி வெளியே தொங்கிய பானையைப் பார்த்தான்.

"மொதல்ல பானை வரும். உன் பூச்சி என் பூச்சியச் சேத்துக்கிச்சுன்னா நானும் வாரேன்."

"இது என்னடா பந்தயம்?"

"பந்தயம்தான்."

எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. நான் சொல்லவேண்டிய வார்த்தை ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமலே காரியம் முடிந்துவிடும். ஒரே குதிரில் கிடந்த பூச்சி. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஏன் சேராது?

அடுத்த வாரமே வந்தார்கள். பானையை ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். நானும் கூட இருந்தேன்.

"பானையில என்னய்யா, கருப்பட்டியா?" என்றார் கண்டக்டர்.

"பூச்சி."

"எத்தன பேரு? எல்லாருக்கும் டிக்கெட் எடுக்கணும்ல."

பஸ்ஸே சிரித்தது. தம்பியும் சிரித்தான். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்த்தேன். எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் வாசல் ஏறமாட்டேன் என்றான். வேப்பமரத்தடியில் தகரப் பெட்டியை வைத்து அதன்மேல் உட்கார்ந்தான். அவன் பெண்டாட்டி அவனுக்குப் பின்னால் நின்றாள். என் பெண்டாட்டி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தான். "மொதல்ல பானை" என்றான்.

நான் பானையைக் குதிர் உறைக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு குழல்களையும் ஒடித்துவிட்டு, வாயோடு வாய் பொருத்தினேன்.

என் பக்கத்துக் காவல் பூச்சி ஒன்று முன்னால் வந்தது. பானைப் பூச்சி ஒன்றும் வந்தது. இரண்டும் மீசையால் ஒன்றையொன்று தடவின. தலையில், முதுகில், இரண்டு தடவை, மூன்று தடவை. கண் தெரியாதவன் முகத்தைத் தடவிப் பார்ப்பது மாதிரி இருந்தது. நான் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன், பார்த்துக்கொள் என்பதுபோல.

திரும்புவதற்குள் இரண்டும் கவ்விக்கொண்டு கீழே விழுந்தன. பிறகு நாலு. பிறகு எண்ண முடியவில்லை. ஜோடி ஜோடியாகக் கவ்விக்கொண்டு உருண்டன. ஒன்றின் கழுத்தை ஒன்று பிடித்திருந்தது, ஒன்றின் இறக்கையை ஒன்று. செத்தபிறகும் விடவில்லை. உச்சி வெயில் ஏறும்போது தாழ்வாரத்தில் எள் கொட்டினது மாதிரி கிடந்தது. குழந்தை ஒரு ஜோடியை உள்ளங்கையில் எடுத்துப் பிரிக்கப் பார்த்தது.

"பெரியப்பா, விடமாட்டேங்குது."

என் பெண்டாட்டி தண்ணீர் தெளித்தாள். நான் துடைப்பத்தை எடுத்து, செத்ததைக் கூட்டித் தள்ளினேன். தம்பி மரத்தடியைவிட்டு எழவில்லை.

அந்த நேரத்தில், வெள்ளாமைக்கு யோசனை சொல்ல ஊர் ஊராக வரும் கிராம சேவக் சைக்கிளில் வந்தார். கடலைக்கு மருந்துப் பொடி விஷயமாக வந்தவர். சின்ன வயது, பேன்ட் போட்டவர். சைக்கிளைச் சாய்க்காமலே கத்தினார்.

"அய்யய்யோ, எடுங்கண்ணே! பானைய மொதல்ல எடுங்க!"

எடுத்தேன். இரண்டு வாயையும் துணியால் அடைத்தோம். அவர் குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"வேற வேற கூட்ட இப்பிடி யாராச்சும் சேப்பாகளா?"

"வேற கூடு இல்லய்யா. ஒரு தாய்ப் புள்ளைக. நாந்தான் மூணு வருஷத்துக்கு முந்திப் பிரிச்சேன்."

"தாய்க் கணக்கெல்லாம் அதுக்குத் தெரியாதுண்ணே. அது உடம்பு மேல எண்ணெயும் மெழுகுமா லேசா ஒரு பூச்சு இருக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு கூட்டுக்கும் அது ஒரு மாதிரி. தங்குற எடம், சேக்குற பிசின், கூட்டு மெழுகு, எல்லாம் அதுல ஏறிரும். மீசையால தடவும். தன் கூட்டு வாசம்னா வழி விடும். இல்லன்னா கடி."

வேப்பமரத்தடியிலிருந்து தம்பி கேட்டான். "கழுவுனா போகாதாங்க?"

கிராம சேவக் சிரித்துவிட்டார். "பூச்சியவா? சோப்புப் போட்டுக் குளிப்பாட்டப் போறீகளா?"

வேறு யாரும் சிரிக்கவில்லை. அவர் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு அவராகவே சொன்னார்.

"ஒரு வழி இருக்கு. பொரிக்கப்போற முட்டையறைய மட்டும் மாத்தலாம். புதுசாப் பெறந்த பூச்சி வெளுப்பா இருக்கும். அது மேல இன்னும் எந்த வாசமும் ஏறியிருக்காது. அத காவல் பூச்சி ஒண்ணும் பண்ணாது. இங்கயே கெடந்து இந்த வாசத்த ஏத்திக்கிரும்."

பானையை உடைத்தேன். உள்ளே வெளுத்த பூச்சிகள் சில அப்போதே ஊர்ந்துகொண்டிருந்தன. பறக்கத் தெரியாதவை. குதிர் வாயில் அடைத்த துணியை எடுத்துவிட்டு, ஒன்றை ஈர்க்குச்சியில் ஏற்றி அங்கே விட்டார் கிராம சேவக். நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். தம்பியும் எழுந்து வந்து கொஞ்சம் தள்ளி நின்றான். காவல் பூச்சி வந்தது. தடவியது. சுற்றிவந்து மறுபடி தடவியது. பிறகு ஒதுங்கியது. வெளுத்த பூச்சி தத்தித் தத்தி உள்ளே போனது.

இரண்டாவதை விட்டார். அதுவும் போனது.

"அப்ப சின்னது போகும். பெருசு போகாது. அம்புட்டுத்தானங்க?" என்றான் தம்பி.

"அம்புட்டுத்தான்" என்றார் கிராம சேவக். அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். பொடியைக் கொடுத்துவிட்டு, முட்டையறையை வைக்கும் விதம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் முட்டையறைகளைப் பெயர்த்து உறைக்குள் வைத்து மண் பூசினேன். கையெல்லாம் தேன், மெழுகு. அப்போது தம்பி குழந்தையைக் கூட்டிவந்து வாசற்படியில் நிறுத்தினான். அவன் படியில் கால் வைக்கவில்லை.

"பாப்பா இங்க இருக்கட்டும்ணே. பள்ளிக்கூடத்துல சேத்துவிடு."

"நீ?"

"எனக்கு வேலை இருக்கு."

"கையி இப்பிடி இருக்கையில என்னடா வேலை?"

"குழிக்கு எறங்க வேணாமாம். பட்டை எறக்குனாப் போதும்னு பாய் சொல்லியிருக்காரு."

அவன் பெண்டாட்டி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். வேண்டாம் என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குழந்தையிடம் குனிந்தாள்.

"பெரியம்மா சொல்றபடி கேளு. ராத்திரி போர்வைய ஒதைக்காத."

என் பெண்டாட்டி அழுதாள். என்னைப் பார்த்தாள். நான் சொல்லவேண்டிய வார்த்தை வாய்வரை வந்தது. உள்ள வாடா. அம்புட்டுத்தான். அதைச் சொன்னால் மூன்று வருஷத்துக்கு முந்தி வாசலை மறித்து நின்றதையும் சொல்லவேண்டும். கையைத் துடைக்கத் துணி தேடுவதுபோல உள்ளே போனேன். வெளியே வந்தபோது பெட்டி இல்லை. தெருமுனையில் இரண்டு பேர் போய்க்கொண்டிருந்தார்கள்.

பானையின் பெரிய பூச்சிகள் போகவில்லை. உடைந்த பானை ஓடுகளைச் சுற்றிப் பறந்தன. ஓட்டில் உட்கார்ந்தன, எழுந்தன. குதிர் வாய்க்குப் போனவை செத்தன. மற்றவை ஓட்டோடு கிடந்தன. நாளுக்கு நாள் குறைந்தன. பத்து நாளில் ஒன்றும் இல்லை. அதன்பிறகு ஓடுகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டேன்.

பிற்பாடு ரொம்ப வருஷம் கழித்து ரேடியோவில் ஒருவர் இதையே பேசினார். பூச்சியின் மேல்தோலில் உள்ள பூச்சுதான் அதற்கு ஊர், வீடு, பேர் எல்லாம் என்றார். கிராம சேவக் சொன்னது சரிதான். எழுந்து போய் ரேடியோவை நிறுத்தினேன்.

குழந்தை எங்களோடு ஒட்டிக்கொண்டது. முதல் வாரம் அழுதது. இரண்டாவது வாரம் அழுகை குறைந்தது. ஒரு மாதத்தில் அதன் தலையில் என் பெண்டாட்டி வைக்கும் எண்ணெய் வாசம் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் போனது. தம்பி மாதம் ஒருமுறை வருவான். வேப்பமரத்தடியில் நிற்பான். உடம்பு சிவக்கத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்திருப்பான். பூந்தி வாங்கி வந்திருப்பான். குழந்தை ஓடிப்போய் அவன் இடுப்பைக் கட்டிக்கொள்ளும். என் பெண்டாட்டி அவன் தட்டை இப்போது நடுவீட்டில்தான் வைத்தாள். "உள்ள வந்து சாப்புடுங்க தம்பி" என்று ஒவ்வொரு முறையும் கூப்பிடுவாள். "பஸ் போயிரும் மதினி" என்பான். கூப்பிடவேண்டியவன் நான். நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருப்பேன்.

ஒரு மாதம் அவன் வரவில்லை. குழந்தை தினமும் தெருமுனையைப் பார்த்தது. நான் டவுனுக்குப் போனேன். தோல் ஷாப்பு வாசலில் குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த பட்டை வண்டி நின்றது. தம்பி கட்டுகளை முழங்கையால் அணைத்து இறக்கிக்கொண்டிருந்தான். விரல் இனி மடங்காது என்று தெரிந்தது. ஒரு கட்டு அவன் கையிலிருந்து நழுவியது.

நான் சட்டையைக் கழற்றி வண்டிச் சக்கரத்தில் போட்டேன். மீதிக் கட்டுகளை நான் இறக்கினேன். உள்ளே குழி மேடுவரை சுமந்து போய் அடுக்கினேன். அந்த நாற்றத்துக்கு முதலில் வாயால் மூச்சு விட்டேன். பத்துக் கட்டு தாண்டியபிறகு தெரியவில்லை. மதியம் பாய் ஒரு சட்டியில் சோறு கொண்டுவந்தார். மூன்று பேரும் அதிலேயே சாப்பிட்டோம். பாய் தம்பிக்கு ஒரு உருண்டை, தனக்கு ஒரு உருண்டை என்று பிடித்தார்.

"ஒங்க அண்ணனா? மொகம் அப்பிடியே இருக்கு" என்றார்.

"ஆமா" என்றான் தம்பி.

கிளம்பும்போது சொன்னேன். "வீட்டுக்கு வாடா. வாசல் வழியா வா. அன்னிக்கு நான் சொன்னது தப்பு."

அவன் வண்டியைப் பார்த்தான். "இருக்கட்டும்ணே. பாப்பா எப்பிடிப் படிக்கிறா?" என்றான்.

கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் ஊர் வந்தேன். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நான் வாசலுக்கு வரும்போது விளக்கு ஏற்றியிருந்தார்கள். குழந்தை முதுகைக் காட்டி உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தது. திரும்பாமலே மூக்கை உறிஞ்சியது. சிலேட்டைப் போட்டுவிட்டு எழுந்து ஓடிவந்தது.

"அப்பா!"

என்னைப் பார்த்ததும் நின்றது. பிறகு என்னைச் சுற்றிக்கொண்டு படி இறங்கி, வேப்பமரத்தடியில் பார்த்தது. தெருவில் பார்த்தது.

"அப்பா எங்க பெரியப்பா? வாசம் வருது."

"வரல."

"பொய். வந்திருக்காரு."

மறுபடி போய் மரத்துக்குப் பின்னால் பார்த்துவிட்டு வந்தது.

என் பெண்டாட்டி வெந்நீர் போட்டிருந்தாள். நான் குளிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனேன். மாட்டுக்குப் பக்கத்தில், அவன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் குழந்தை வந்தது. என் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனது. சோறு ஆறியது. நான் அசையவில்லை.